ஊரணித் தண்ணீர் பற்றி நான் எழுதிய கடிதம்

1

நான் சுவீடனுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் நிறைந்த வாரத்தில் ஊரிலிருந்து ஒரு பாட்டில் நல்லெண்ணெய் வந்து சேர்ந்தது. அண்ணன் கொடுத்தனுப்பியது. காரைக்குடி அம்மா ஒருவர் இங்குள்ள மகள் வீட்டுக்கு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அவர் பெட்டியில் எனக்கென்று ஒரு மூலை எப்போதும் உண்டு.

இருபத்திரண்டு வருடத்தை நான் ஒன்றும் கொண்டாடவில்லை. கொண்டாட ஆள் வேண்டுமே. கணவர் இறந்து ஐந்து வருடமாகிறது. மகள் நிலா ரயிலில் நான்கு மணி நேரத் தொலைவில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் போன் வரும். நான் தமிழில் கேட்பேன், அவள் சுவீடிஷில் பதில் சொல்வாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். மத்தியானம் எல்லாரும் சாப்பிடத்தானே செய்வார்கள், இதை ஏன் வாராவாரம் கேட்கிறாய் என்பாள். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று இட்லிப் பொடியில் ஊற்றலாம் என்று பாட்டிலைத் திறந்தேன். பாட்டில்களோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் மூடியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வீட்டுக்கு வந்தாலும் போகாது. மூடியின் உள்பக்கத் திருகில் நீல நிறத்தில் நாலைந்து துகள்கள் ஒட்டியிருந்தன. முகர்ந்து பார்த்தேன். துணி துவைக்கிற சோப்புத் தூள்.

இட்லி ஆறிப்போனது. நான் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் அப்படியே நின்றிருந்தேன். நான்கு வருடத்துக்கு முன் இதே அண்ணன், இதே அம்மாவின் பெட்டியில், எனக்கு இன்னொரு பாட்டில் அனுப்பியிருந்தார். அதில் இருந்தது எண்ணெய் அல்ல.

2

நான் இருப்பது ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். பறவைகளுக்காகச் சட்டம் போட்டுக் காக்கிற பெரிய சதுப்பு ஏரி ஒன்று இங்கே இருக்கிறது. கண்ணுக்கெட்டிய வரை நாணல். மாதம் இரண்டு முறை அதற்குள் போய்ப் பல இடங்களில் தண்ணீர் எடுத்து வருவோம். முட்டையிடும் காலத்தில் உள்ளே போவதென்றால் எத்தனை பேர், எந்த வழி, எத்தனை நிமிடம் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக் கடிதம் வருவதற்குள் பாதிக் குஞ்சுகள் பறந்தே போய்விடும்.

சுற்றியுள்ள வயல்களிலிருந்து உரம் கரைந்து இந்தச் சதுப்புக்குள் வருகிறது. அது எந்த வழியாகப் போகிறது, எங்கே தங்குகிறது, எப்போது மறுபடி வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. நைட்ரேட்டும் குளோரைடு உப்பும் தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும். பாஸ்பரஸ் அப்படியில்லை. இரும்புள்ள மண்ணைக் கண்டால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கோடையில் தண்ணீர் வற்றி, அடிச்சேற்றில் காற்று தீரும்போது இரும்பு தன் பிடியை விடும். பாஸ்பரஸ் மேலே வரும், தண்ணீர் பச்சையாகும். இதை எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் என் சுவீடிஷ்கூடத் தடுமாறாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கரைக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கப் போனேன். அப்போதுதான் பனி உருகிய மாதம். கூட வந்த பிரிட்டா அலறிவிட்டாள். இங்கே தும்மினாலும் படிவம் உண்டு, இதற்கும் ஒன்று நிரப்பினோம். 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று பிரிட்டா கேட்டாள். எங்கள் ஊரில் தண்ணீர் எடுக்கிற இடத்தில் செருப்புக் காலோடு இறங்கமாட்டோம் என்று அரைகுறையாகச் சொன்னேன். 'இது குடிக்கிற தண்ணீர் இல்லையே' என்றாள். கடைசியில் 'பழக்கம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

3

எங்கள் ஊர் திருமயத்திலிருந்து டவுன் பஸ்ஸில் உள்ளே போகும் வழியில் இருக்கிறது. செம்மண் பூமி. கொஞ்சம் தோண்டினால் இரும்பு கலந்த செம்பராங்கல். போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்பதால் குடிக்கவும் சமைக்கவும் ஊரணிதான். அதற்கென்று சில கட்டுகள் உண்டு. செருப்பைக் கரையில் விட வேண்டும். குளிக்கக் கூடாது, பாத்திரம் துலக்கக் கூடாது, மாடு கன்று இறங்கக் கூடாது. மொண்ட தண்ணீரைத் திரும்ப ஊற்றக் கூடாது. குடம் அலசிய தண்ணீர்கூடக் கரையில் சிந்தக் கூடாது. எங்கும் எழுதிப் போட்டதில்லை, காவலாளும் இல்லை. ஆனாலும் மீறியவரை நான் பார்த்ததில்லை.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு கோடையில் அந்தத் தண்ணீர் பச்சையாகி வாடை வந்தது. முந்தின மழைக்காலம் பொய்த்திருந்தது. நீ படித்த படிப்பு எதற்கு, பார்த்துச் சொல்லு என்றார் அண்ணன். ஒரு சுத்தமான பாட்டிலை எடுத்து, ஊரணித் தண்ணீரிலேயே மூன்று தடவை அலசி, பிறகு நிரப்பி அனுப்புங்கள் என்று போனில் சொன்னேன். சரித்தா என்றார். காரைக்குடி அம்மா கொண்டுவந்தார். மேலாளரிடம் கேட்டு, வேலை முடிந்த நேரத்தில் சோதித்தேன். வழியில் சில நாள் சூட்டில் கிடந்த தண்ணீர் என்பதால் கிருமிச் சோதனையைத் தொடவில்லை. அந்த அளவுக்கு நான் கவனமானவள்.

பாஸ்பரஸ் மட்டும் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது.

ஊரணிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் வடகரையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் மலர்க்கொடி புதிதாக வீடு கட்டியிருப்பதாக அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மலர் என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கணவன் இறந்த பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனியில் பல வருடம் உழைத்து, மகளைக் கட்டிக் கொடுத்து, ஊருக்குத் திரும்பியவள். அரசாங்க வீடு, இரண்டு அறை, பின்னால் ஒரு கழிவறை. மனிதக் கழிவிலும் பாஸ்பரஸ் உண்டு.

நான் கடிதம் எழுதினேன். வடகரையில் உள்ள கழிவறைக் குழியிலிருந்து கசிவு வருவதாகவே தெரிகிறது என்று ஒரு வரி. ஒரே ஒரு வரிதான். அதைப் பரிசோதனைக் கூடத்தின் பெயர் போட்ட தாளில் அச்சடித்தேன். அந்தத் தாளைச் சொந்தக் காரியத்துக்குத் தொட எனக்கு உரிமை இல்லை. சாதாரணத் தாளில் எழுதினால் ஊரில் மதிப்பார்களா என்ற எண்ணம்.

பிள்ளையார் கோயில் வாசலில் கூடிய ஊர்க்கூட்டத்தில் அண்ணன் அதை வாசித்தார். 'வெளிநாட்டுப் பேப்பருன்னதும் ஒரு சத்தமில்லத்தா. ஊரே வாயப் பொளந்து கேட்டுச்சு' என்று போனில் சொன்னார். குழியை மூடியாகிவிட்டது என்ற செய்தி பின்னாலேயே வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

4

எண்ணெய் வந்த அன்றே அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, எண்ணெ வந்துச்சு. பாட்டில யாரு கழுவுனா?"

"நாந்தான். ஏன்த்தா, வாட அடிக்குதா? ஒங்க அண்ணி கழுவுனா பாதி அழுக்கு அப்புடியேதான் இருக்கும். நானே சோப்புத்தூளப் போட்டு, குச்சில துணியச் சுத்தி உள்ள விட்டு நல்லாத் தேச்சேன்."

"எத்தன தடவ அலசுனீங்க?"

"ஒரு சொம்பு ஊத்திக் குலுக்கிக் கொட்டுனேன். பைப்புல தண்ணி ஒரு நா விட்டு ஒரு நாதான வருது."

"அன்னைக்கி ஊரணித் தண்ணி குடுத்துவிட்டீங்களே, அந்த பாட்டிலு?"

"அதுவும் இப்புடித்தான். வெளிநாட்டுக்குப் போற சாமான அழுக்காவா அனுப்புவேன்?"

"ஊரணித் தண்ணியிலயே மூணு தடவ அலசச் சொன்னேனேண்ணே."

அண்ணன் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "என்னத்தா பேசுற? சோப்புப் போட்ட பாட்டில ஊரணில அலசுறதா? கரையில கொட்டுனாலும் உள்ளதான வடியும். ஊரு என்னையச் சும்மா விடுமா? வீட்டுலயே கழுவிட்டுப் போயி, சொம்பால மொண்டு ஊத்தி, மூடிக் கொண்டாந்தேன்."

அவர் செய்தது சரி. ஊரணியைக் கெடுக்காமல் அத்தனை வருடம் காப்பாற்றிய கட்டுதான் என் பாட்டிலைக் கெடுத்துவிட்டது. அலசச் சொன்னால் கரையில் கொட்டச் சொன்னதாகத்தான் அர்த்தம், அதை அந்த ஊரில் பிறந்த நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே வீட்டுச் சோப்புத் தூளில் பாஸ்பேட் சேர்க்கக் கூடாது என்று சட்டம் வந்து எத்தனையோ வருடமாயிற்று. ஊர்க் கடைகளில் அது இன்னும் இருக்கலாம் என்பது என் புத்தியிலிருந்தே கழன்றுபோயிருந்தது.

திங்கட்கிழமை எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு மூடியில் இருந்த துகள்களைச் சுத்தமான தண்ணீரில் கரைத்துச் சோதித்தேன். அந்த நாலைந்து துகளுக்கே பாஸ்பரஸ் எகிறியது. பழைய கோப்பை எடுத்தேன். குளோரைடு குறைவு. நைட்ரேட் அதைவிடக் குறைவு. கழிவுக் குழி கசிந்தால் முதலில் வந்து நிற்பவை இந்த இரண்டும்தான். பாஸ்பரஸோ எங்கள் செம்மண்ணில் நாலடி நகரவே திணறும். கூட்டம் கூட்டமாகப் படம் போட்டு விளக்கியவளுக்கு, தன் ஊர் மண் என்றதும் ஒன்றும் தோன்றவில்லை. அண்ணன் ஒரு வீட்டைக் காட்டினார், நான் அதற்கு ஒரு எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. தண்ணீர் பச்சையானதற்கு, வற்றிய ஊரணியின் அடிச்சேறே போதும்.

5

தவறான முடிவு வெளியே போய்விட்டால் நிரப்ப எங்கள் கூடத்தில் ஒரு படிவம் இருக்கிறது. நான்கு கட்டம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, யாருக்குப் பாதிப்பு, என்ன செய்யப் போகிறீர்கள். யாரும் கேட்காமலே அதில் ஒன்றை எடுத்து வீட்டுக்கு வந்து நிரப்பினேன். முதல் இரண்டு கட்டமும் மளமளவென்று போயின. மூன்றாவதில் மலர்க்கொடி என்று எழுதியதும் அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து நிலா கூப்பிட்டாள். சொன்னேன். "அப்படியானால் திருத்தி அனுப்பிவிடு அம்மா. இதற்கு ஏன் அழ வேண்டும்?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. பிறகு, "மலர்க்கொடி என்பது யார்?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை நான் அவளிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெஞ்சைப் பற்றி, திருமயம் கோட்டைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது இருவரும் ஒரே பொட்டலத்தில் புளிச்சோறு தின்றதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தோழி வந்துவிட்டாள், அடுத்த வாரம் பேசலாம் என்று வைத்துவிட்டாள்.

6

திருத்தக் கடிதம் அனுப்புகிறேன், கூட்டத்தில் வாசியுங்கள் என்று அண்ணனிடம் கேட்டேன்.

"இப்ப எதுக்குத்தா அதக் கெளர்ற? நான் படிச்ச பேப்பரு. பாட்டில்ல சோப்பு இருந்துச்சு, நாந்தான் போட்டேன்னு நானே எந்திரிச்சுப் படிக்கவா?"

"தப்பு ஒங்களதுன்னு எழுதலண்ணே. என்னோடதுன்னுதான் எழுதிருக்கேன்."

"ஒம் பேருந்தான் கெடும். நம்ம வீட்டுப் புள்ள அங்கிட்டுப் போயிப் பெரிய ஆளாயிருக்குன்னு ஊரு பேசுது. அதக் கெடுத்துக்கிறியா?"

"மலரு இப்ப எங்கண்ணே போவா? கக்கூஸுக்கு?"

"காட்டுப் பக்கந்தான். முன்ன எல்லாரும் போனதுதான. அது ஒண்ணும் சொல்லலத்தா, அது பாட்டுக்கு இருக்கு. நீ ஒடம்பப் பாத்துக்க."

அண்ணன் கெட்டவர் இல்லை. எனக்கு எண்ணெய் அனுப்ப, ஆட்டுகிற செக்குக்கே நேரில் போய் வாங்கி வருகிறவர். ஆனால் அன்று எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதைவிட என் மேல்.

சாயங்காலம் அண்ணி வாட்ஸப்பில் ஒரு போன் எண்ணை மட்டும் அனுப்பினார். கூட ஒரு வார்த்தைகூட இல்லை. யாருடைய எண் என்று நானும் கேட்கவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டேன். ஊரில் அப்போது முற்பகல்.

"யாரு, தேனுவா? அடியாத்தி! நம்பரு நீளமா வரவும் ஏதோ ஏமாத்துக்காரப் பயலுகன்னு வெட்டப் பாத்தேன். நல்லாருக்கியாடி? ஒம் மக நல்லாருக்கா?"

"நல்லாருக்கா மலரு. ஒம் மக வந்து போறாளா?"

"எங்கிட்டு வாரா. போனுல பேசுறதோட சரி. வந்தா ரெண்டு நா தங்க முடியுமா? காட்டுக்குப் போக அவளுக்குக் கூச்சம். மருமகனு அங்கிட்டெல்லாம் போமாட்டாராம். பேத்திய ஒரு தடவதான் பாத்துருக்கேன்."

அவள் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்வதைப் போல்தான் சொன்னாள். நான் ஆரம்பித்தேன். பாட்டில், சோப்புத் தூள், எல்லாம். சில இடங்களில் எனக்குத் தமிழ் வார்த்தை கிடைக்காமல் சுவீடிஷ் வாயில் வந்தது, அதை விழுங்கிவிட்டு மறுபடி சொன்னேன்.

"ஊரு ஒன்னைய ரொம்பப் பேசிருச்சா மலரு?"

"ஊரு என்னத்தப் பேச? கூட்டத்துல ஒரு மாசம் தவண குடுத்தாக. நாந்தான் மறுநாளே ஆள வச்சு மூடிட்டேன். தேனு படிச்சவ, தெரியாமயா எழுதுவான்னு நெனச்சேன். ஊருப் புள்ளைக குடிக்கிற தண்ணில ஏங் குழி கசியுதுன்னா எனக்குச் சோறு எறங்குமா? அன்னையிலேருந்து நான் ஊரணில காலு வக்கிறது இல்ல. யாரும் வேணாம்னு சொல்லல, எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. கேன் தண்ணிதான் வாங்குறேன்."

அவள் வீட்டு வாசலிலிருந்து ஊரணிப் படிக்கு ஐம்பது எட்டுகூட இருக்காது. நான்கு வருடம்.

"தப்பு என்னோடதுடி," என்றேன். "ஒன் குழியில ஒண்ணுமில்ல. ஒன்னால ஒண்ணும் ஆகல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் எறங்கலாமா, தேனு?"

"எறங்குடி," என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. இடுப்பில் சொருகிக்கொண்டாள் போலிருக்கிறது. குடம் கதவில் இடிபட்டது. நடக்கும் சத்தம். பிறகு செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம், ஒன்று, இன்னொன்று. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன். அப்போது யாரோ ஒரு பெண் குரல் தூரத்தில் கேட்டது.

"என்ன மலரு, கொடத்தோட வார?"

"தேனு சொல்லிருச்சுக்கா. ஏங் குழியிலேருந்து ஒண்ணும் வரலயாம். பாட்டில்லதான் என்னமோ கெடந்துருக்கு."

"வாயில சொன்னா ஆச்சா? அன்னைக்கிப் பேப்பருல்ல வந்துச்சு. இன்னைக்கிப் பேப்பரு எங்க?"

படியில் கால் வைக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். தண்ணீரில் குடம் முங்கும் சத்தத்துக்காக. எதுவும் வரவில்லை.

"வரட்டும்க்கா. வரவும் எறங்கிக்கிறேன்," என்றாள் மலர். செருப்பை மறுபடி மாட்டுகிற சத்தம் கேட்டது.

8

திருத்தக் கடிதத்தை மறுநாளே அனுப்பிவிட்டேன். கூடத்தின் பெயர் போட்ட தாளில் அல்ல, என் பெயரில், என் கையெழுத்தில். முதல் கடிதத்துக்கு அந்தத் தாளைத் திருட்டுத்தனமாக எடுத்ததையும் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அதற்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். காரணம் என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. மலரின் குழியைத் திரும்பத் தோண்டிக் கட்டித் தருவது என் பொறுப்பு. அவள் வேண்டாம் என்றாலும் விடப்போவதில்லை.

ஆனால் கடிதம் அண்ணன் முகவரிக்குத்தான் போக வேண்டும், கூட்டத்துக்கு எழுத்து வேலை பார்ப்பவர் அவர். பீரோவில் வைத்துப் பூட்டினாலும் பூட்டுவார். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர் டீக்கடையில் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள் என்று தெரியும், இதை அவர் பூட்ட முடியாது. ஊரணித் தண்ணீர் கெட்டதற்கு வடகரை வீட்டுக் குழி காரணம் என்று எழுதியவள் நான். எழுதியது தப்பு. டீக்கடையில் இதை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள். வடகரை பக்கத்தில்தான் இருக்கிறது, அவளுக்குக் கேட்கும்.